தண்டர்பேர்டில் ஜிமெயில்: ஆல் மெயிலோடு ஒரு தீராத வழக்கு

கணினியில் மின்னஞ்சல் பார்ப்பதற்கான தண்டர்பேர்டு என்ற மென்பொருளைப் போட்டால் ஜிமெயிலில் இடம் காலியாகாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என்னிடம் இதைப் பற்றிக் கேட்பவர்களில் பாதிப்பேர் அந்த ஆசையில்தான் கேட்கிறார்கள். கடைசியாகக் கேட்டவர் சிவகாசியில் அச்சகம் வைத்திருக்கும் நண்பர். “15 ஜிபியும் நெறஞ்சிடுச்சுன்னு தினமும் சிவப்புல காட்டுதுங்க. நீங்க ரொம்ப வருஷமா தண்டர்பேர்டுதானே வச்சிருக்கீங்க? எல்லாத்தையும் கம்ப்யூட்டருக்கு இறக்கிட்டா அங்க காலியாயிடும்ல?” என்றார். இறக்கலாம். இறக்கியதால் அங்கே ஒரு எம்பி கூடக் குறையாது. ஏன் என்று ஃபோனில் விளக்க ஆரம்பித்து, பாதியில் எனக்கே எரிச்சல் வந்துவிட்டது. எழுதி அனுப்புகிறேன் என்று வைத்துவிட்டேன்.

நான் மதுரையில் புத்தகப் பக்க வடிவமைப்பு செய்கிறேன். ஒரு புத்தகத்துக்கு வேர்டு கோப்பு, முதல் திருத்தம், மறுதிருத்தம், அட்டைப்படம், ‘இறுதி’, ‘இறுதி-2’, ‘இதுதான் இறுதி’ என்று அட்டாச்மென்ட்கள் வந்து குவியும். இந்தத் தொழிலில் மின்னஞ்சல்தான் சாட்சி. எந்த அத்தியாயத்தை எடுக்கச் சொன்னார், எந்தப் பக்கத்துக்குச் சரி சொன்னார் என்பதெல்லாம் அங்கேதான் இருக்கும். வாட்ஸ்அப்பில் திருத்தம் அனுப்புகிறவர்களிடமும் “மெயில்ல ஒரு தடவை போட்டுடுங்க” என்று கேட்டு வாங்கிவிடுவேன். அதனால் மின்னஞ்சல் என்பது எனக்கு நாள் முழுக்கத் திறந்திருக்கும் வேலை மேசை. ப்ரௌசரில் இருபது டேப்களுக்கு நடுவே அதைத் தேடிப் பிடிக்க அலுத்துத்தான் தண்டர்பேர்டுக்குப் போனேன்.

சரி, வழக்குக்கு வருகிறேன்.

ஜிமெயில் 2004 ஏப்ரல் 1 அன்று வந்தது. 1 ஜிபி இடம் இலவசம் என்றதும், முட்டாள்கள் தின விளையாட்டு என்றே பலர் நினைத்தார்கள். தண்டர்பேர்டு 1.0 அதே ஆண்டு டிசம்பரில் வந்தது. இரண்டுக்கும் ஒரே வயது, குணம்தான் ஒட்டாது. ஜிமெயிலில் உண்மையில் ஃபோல்டர் என்று எதுவும் கிடையாது. எல்லாக் கடிதங்களும் ஒரே அண்டாவில் கிடக்கும். ஒவ்வொன்றின் மீதும் சீட்டு ஒட்டியிருக்கும். அந்தச் சீட்டுதான் லேபிள். இன்பாக்ஸ் என்பதும் ஒரு சீட்டுதான். ஒரே கடிதத்தில் நான்கு சீட்டு ஒட்டலாம். ஆர்கைவ் செய்வதென்றால் இன்பாக்ஸ் சீட்டைக் கிழிப்பது, அவ்வளவுதான்.

சர்வரிலுள்ள கடிதங்களைப் பார்க்கத் தண்டர்பேர்டு பேசும் ஐமேப் முறையோ முழுக்க ஃபோல்டர்களை நம்பியது. ஒரு கடிதம் ஒரு ஃபோல்டரில் இருக்கும், வேறு ஃபோல்டருக்குப் போனால் பழைய இடத்தில் இருக்காது. 2007இல் ஜிமெயில் ஐமேப் வசதியைத் தந்தபோது, ஒவ்வொரு சீட்டுக்கும் ஃபோல்டர் வேஷம் கட்டி அனுப்பியது. அண்டாவுக்கும் ஒரு வேஷம்: ‘ஆல் மெயில்’.

இதனால் என்ன ஆகிறது? ஒரு கவிஞர் திருத்தம் அனுப்புகிறார். அவர் புத்தகத்தின் பெயரில் ஒரு லேபிள், மறக்காமலிருக்க ஒரு நட்சத்திரம். ஜிமெயில் தானாகவே அதை முக்கியமானது என்று குறித்துக்கொள்கிறது. இப்போது தண்டர்பேர்டில் அந்த ஒரே கடிதம் இன்பாக்ஸ், லேபிள் ஃபோல்டர், ஸ்டார்டு, இம்பார்ட்டன்ட், ஆல் மெயில் என்று ஐந்து இடத்தில் நிற்கிறது. பெயரைப் போட்டுத் தேடினால் அதே தலைப்பு, அதே தேதி, வரிசையாக. எதைத் திறந்தாலும் ஒன்றுதான் என்று தெரிந்தாலும், கண்ணுக்கு ஐந்தாகத் தெரிகிறதே! வட்டிலும் அதற்கேற்பக் கூடுதல் இடம் போகலாம்.

வழி இருக்கிறது. ப்ரௌசரில் ஜிமெயில் அமைப்புகளுக்குள் லேபிள்கள் பக்கத்தில், ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘ஐமேப்பில் காட்டு’ என்று ஒரு டிக் பெட்டி உண்டு. ஸ்டார்டு, இம்பார்ட்டன்ட் இரண்டிலும் டிக்கை எடுத்துவிட்டால் பாதித் தொல்லை போய்விடும். அதை முதல் நாளே செய்துவிட வேண்டும். ஆனால் ஆல் மெயிலை மறைத்தால் வேறு வினை. லேபிள் எதுவும் இல்லாமல் ஆர்கைவ் செய்த கடிதங்களுக்கு இருப்பிடம் அந்த ஒன்றுதான். மறைத்தால் அவை தண்டர்பேர்டின் கண்ணுக்கே படாது. காட்டினால் இரட்டைப் பிரதி, மறைத்தால் காணாத கடிதம். மூன்றாவது வழி கிடையாது. நான் காட்டிவைத்துத் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

அடுத்தது டெலீட். சாதாரணமாக டெலீட் விசையைத் தட்டினால் கடிதம் ஜிமெயிலின் குப்பைத்தொட்டிக்குப் போகும், அங்கே 30 நாள் கிடந்து அழியும். அதுவரை சரி. ஆனால் தண்டர்பேர்டு அமைப்பில் ‘உடனே நீக்கு’ என்று மாற்றி வைத்தாலோ, கடிதத்தை மவுஸால் இழுத்துக் கணினியிலுள்ள லோக்கல் ஃபோல்டரில் போட்டாலோ, ஜிமெயில் அதை வேறு மாதிரிப் புரிந்துகொள்ளும். “ஓ, இந்தச் சீட்டு வேண்டாமாம்” என்று சீட்டை மட்டும் கிழித்துவிட்டு, கடிதத்தை அண்டாவிலேயே விட்டுவிடும். இங்கே இன்பாக்ஸ் காலி. அங்கே ஆல் மெயிலில் அத்தனையும் பத்திரமாக உட்கார்ந்து 15 ஜிபியைத் தின்றுகொண்டிருக்கும். சிவகாசி நண்பர் செய்ய நினைத்தது இதைத்தான். ஆயிரம் கடிதத்தை இழுத்துப் போட்டுவிட்டு, ஏன் இன்னும் சிவப்பு போகவில்லை என்று மறுபடி எனக்குத்தான் ஃபோன் வரும்.

இடம் காலியாக வேண்டுமென்றால் இழுக்கக் கூடாது. முதலில் லோக்கல் ஃபோல்டருக்குக் காப்பி எடுக்க வேண்டும். காப்பியான கடிதங்களில் சிலவற்றைத் திறந்து, அட்டாச்மென்ட் முழுசாக வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்குப் பிறகு ஜிமெயில் பக்கத்திலிருப்பதை டெலீட் விசையால் குப்பைத்தொட்டிக்கு அனுப்பி, தொட்டியையும் கையோடு காலி செய்ய வேண்டும். அப்போதுதான் அங்கே எண் குறையும். அதோடு, அந்த 15 ஜிபி மின்னஞ்சலுக்கு மட்டுமானதல்ல. டிரைவும் ஃபோட்டோஸும் அதில்தான் பங்கு. 2021 ஜூன் 1க்குப் பிறகு ஏற்றிய படங்களெல்லாம் கணக்கில் சேரும். அச்சக நண்பரின் ஃபோனில் பேத்தியின் வீடியோக்கள் எத்தனை இருக்கின்றன என்று எனக்குத் தெரியும். மின்னஞ்சலைக் குற்றம் சொல்வதற்கு முன் அங்கே ஒரு பார்வை பார்ப்பது நல்லது.

இவ்வளவு திட்டிவிட்டு இதையே ஏன் வைத்திருக்கிறேன் என்றால், ஒரு சின்ன விஷயம். பட்டியலின் தலைப்பு வரிசை.

தண்டர்பேர்டில் கடிதப் பட்டியலை அட்டவணைத் தோற்றத்தில் வைத்தால், மேலே அனுப்பியவர், பொருள், தேதி என்று தலைப்புகள் இருக்கும். வலது ஓரத்தில் இருக்கும் சின்னக் குறியைத் தட்டினால் இன்னும் பல தலைப்புகள் வரும். அதில் ‘அளவு’ என்பதை டிக் செய்து, பிறகு அந்தத் தலைப்பின் மேலேயே ஒரு தட்டு, வரிசை தலைகீழாக வந்தால் இன்னொரு தட்டு. மொத்தப் பெட்டியிலும் ஆகப் பெரிய கடிதம் உச்சிக்கு வந்து நிற்கும். நான் முதன்முதலாக அப்படிச் செய்தபோது, மேலே வந்து நின்றவை எல்லாம் அட்டைப்படங்கள். ஒரே அட்டை, நிறம் மட்டும் கொஞ்சம் மாற்றி, ஒவ்வொன்றும் 20 எம்பிக்கு மேல், ஒரே ஓவியரிடமிருந்து. அனுப்பியவர் தலைப்பைத் தட்டினால் ஒருவரின் கடிதங்களெல்லாம் ஒன்றாகச் சேரும். கன்ட்ரோல்-ஷிஃப்ட்-கே அழுத்தினால் வடிகட்டும் பட்டை வரும். அதில் காகிதக் கிளிப் படத்தைத் தட்டினால் அட்டாச்மென்ட் உள்ளவை மட்டும் நிற்கும், பக்கத்தில் பெயரில் நாலு எழுத்து அடித்தால் போதும்.

ஜிமெயிலில் இது முடியாதா என்றால், நியாயமாகச் சொல்ல வேண்டும், ஓரளவு முடியும். தேடல் பெட்டியில் அளவைக் குறிப்பிட்டு 10 எம்பிக்கு மேலானவற்றைக் கேட்கலாம். சேமிப்பிடத்தைப் பராமரிக்கும் பக்கத்தில் பெரிய அட்டாச்மென்ட் உள்ளவற்றைத் தனியாகவே காட்டும். தேடுவதில் ஜிமெயிலை அடித்துக்கொள்ள ஆளில்லை, தண்டர்பேர்டின் தேடல் அதன் பக்கத்தில் நிற்கவே முடியாது. ஆனால் தேடுவதற்கு என்ன தேடுகிறோம் என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். எனக்குப் பல நேரம் தெரியாது. “அந்த மழைப் படம் போட்ட அட்டை, தீபாவளிக்கு முன்னாடி வந்ததே” என்றுதான் நினைவிருக்கும். பட்டியலை அளவுப்படி அடுக்கிக் கண்ணை ஓட்டினால் கிடைத்துவிடும்.

இன்னொரு சந்தோஷம் எதிர்பாராமல் கிடைத்தது. பழைய எழுத்தாளர்கள் சிலர் இன்றும் யூனிகோடு அல்லாத பாமினி என்ற பழைய எழுத்துருவில்தான் தட்டச்சு செய்கிறார்கள். அதை அப்படியே மின்னஞ்சலில் ஒட்டி அனுப்பினால் நமக்கு வருவது ஆங்கில எழுத்துக் குவியல். மாற்றும் கருவியில் போட்டு யூனிகோடாக்கிப் படிக்கலாம்தான். ஆனால் ஒரு பார்வை பார்த்தால் போதும் என்கிற நேரத்தில், தண்டர்பேர்டின் எழுத்துரு அமைப்பில் பாமினியைத் தேர்ந்தெடுத்து, கடிதங்கள் தம் சொந்த எழுத்துருவைப் பயன்படுத்த அனுமதிக்கும் டிக்கை எடுத்துவிட்டால், குவியல் தமிழாகிவிடும். படித்ததும் மறுபடி மாற்றிக்கொள்ளலாம். யூனிகோடு தமிழுக்கென்று அதே இடத்தில் தனி எழுத்துருவும் வைக்கலாம். ப்ரௌசரில் இப்படி எழுத்துருவைத் திணித்தால் பக்கம் முழுவதும் கோணலாகிவிடும். இங்கே கடிதம் மட்டும்தான் மாறுகிறது, பொத்தான்களும் மெனுவும் அப்படியே இருக்கின்றன.

மின்சாரம் பற்றியும் சொல்ல வேண்டும். மாதாந்திரப் பராமரிப்பென்று காலை ஒன்பது மணிக்குக் கரண்ட்டை நிறுத்தினால் மாலைதான் வரும். ரௌட்டர் அணைந்துவிடும், லேப்டாப் பேட்டரியில் ஓடும். கடிதங்களைக் கணினியில் வைத்துக்கொள்ளும் டிக் இருந்தால் எல்லாம் கையிலேயே இருக்கும். அட்டாச்மென்ட் திறக்கும், பதில் எழுதலாம், எழுதியது அவுட்பாக்ஸில் காத்திருக்கும். கரண்ட் வந்ததும் அனுப்பச் சொன்னால் வரிசையாகப் போய்விடும். ஜிமெயிலும் க்ரோமில் ஆஃப்லைன் வசதி தருகிறது, ஆனால் அதிகபட்சம் 90 நாள் கடிதங்கள்தான். எனக்கு வேண்டியது பெரும்பாலும் 91ஆம் நாளுக்கு அப்பால் இருக்கும்.

இப்போது பழுது கதை. லேப்டாப்பின் எஸ்எஸ்டி வட்டு போய், ஒரு சர்வீஸ் சென்டரில் கொடுத்து மாற்றினேன். “டேட்டாவுக்கு நாங்க பொறுப்பில்ல சார்” என்ற வசனம் வழக்கம்போல. தண்டர்பேர்டின் மொத்த உடைமையும் ப்ரொஃபைல் என்ற ஒரே ஃபோல்டரில் இருப்பதால் கவலையில்லாமல் இருந்தேன். விண்டோஸில் அது ஆப்டேட்டா என்ற ஃபோல்டருக்குள் மறைந்திருக்கும். அதை மட்டும் வெளி வட்டில் காப்பி எடுத்து வைத்திருந்தால் போதும். கணக்குகள், லோக்கல் ஃபோல்டர்கள், ஃபில்டர்கள், அந்த ‘அளவு’ தலைப்பு உட்பட, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஏற்றுமதி என்று மெனுவிலேயே ஒன்று இருக்கிறது, ஆனால் 2 ஜிபிக்கு மேல் அது ஆகாது, ஃபோல்டரைக் கையால்தான் காப்பி எடுக்க வேண்டும். காப்பி இல்லையென்றாலும் ஜிமெயிலில் இருப்பவை மறுபடி இறங்கும்தான். ஆனால் ஐமேப் வழியாக ஒரு நாளைக்கு 2500 எம்பிக்கு மேல் இறக்கக் கூகுள் விடாது. பெரிய பெட்டி என்றால் நாள்கணக்கில் காத்திருக்க வேண்டியதுதான். லோக்கல் ஃபோல்டருக்கு மாற்றி ஜிமெயிலில் அழித்தவற்றுக்கு அந்த வழியும் இல்லை, காப்பி போனால் போனதுதான். இடத்தைக் காலி செய்கிறேன் என்று கிளம்புகிறவர்கள் இதை யோசிப்பதே இல்லை.

பாஸ்வேர்டு விஷயத்தில் முன்பிருந்த தலைவலி இல்லை. 2022 மே 30க்குப் பிறகு வெறும் பாஸ்வேர்டை வைத்து வெளிச் செயலிகள் ஜிமெயிலுக்குள் நுழைவதைக் கூகுள் நிறுத்திவிட்டது. இப்போது தண்டர்பேர்டுக்குள்ளேயே ஒரு சின்ன ஜன்னல் திறந்து, கூகுளின் பக்கத்தில் நுழைந்து அனுமதி தர வேண்டும். தண்டர்பேர்டில் குக்கியை, அதாவது நுழைந்ததை நினைவில் வைக்கத் தளங்கள் விட்டுச்செல்லும் சின்னக் குறிப்பை, தடுத்து வைத்திருந்தால் மட்டும் அந்த ஜன்னல் சுற்றிச் சுற்றி வரும்.

சின்னச் சின்ன எரிச்சல்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஜிமெயிலில் விளம்பரக் கடிதங்களைத் தனி டேப்பில் ஒதுக்குகிறதே, அந்தப் பிரிவுகள் ஐமேப்பில் வராது. ஆடித் தள்ளுபடி, கிரெடிட் கார்டு, எழுத்தாளரின் பத்தாம் அத்தியாயம் எல்லாம் ஒரே இன்பாக்ஸில் தோளோடு தோள் உரசி நிற்கும். தண்டர்பேர்டில் ஃபில்டர் போடலாம், ஆனால் அது திறந்திருந்தால்தான் வேலை செய்யும். அதனால் ஃபில்டரை ஜிமெயில் பக்கமே போட்டு, விளம்பரங்களுக்கு ஒரு லேபிள் கொடுத்து, இன்பாக்ஸைத் தாண்டிப் போகச் செய்வதே மேல். அனுப்பிய கடிதத்தை 30 விநாடிக்குள் திரும்பப் பிடிக்கும் வசதி இங்கே இல்லை. எழுத்தாளர் பெயரில் ‘ற’வுக்கு ‘ர’ போட்டு அனுப்பியது அனுப்பியதுதான். குறித்த நேரத்தில் அனுப்ப ஆட்-ஆன் என்ற கூடுதல் இணைப்பு வேண்டும். பெரிய பதிப்பு மாறும்போது ஏதாவது ஒரு ஆட்-ஆன் நொண்டும். பெரிய அட்டாச்மென்ட்டுக்கு வரம்பு இங்கேயும் உண்டு, தாண்டினால் போகாது. ஜிமெயில் தளத்தில் என்றால் டிரைவில் போட்டு இணைப்பு தரட்டுமா என்று அதுவே கேட்டிருக்கும். எழுதிக்கொண்டிருக்கும்போது வரைவைச் சேமிக்கிறேன் என்று தண்டர்பேர்டு அடிக்கடி புதுப்பிரதி ஏற்றும், பழைய பிரதிகள் ஜிமெயில் குப்பைத்தொட்டியில் கிடக்கும். நீளமான கடிதம் ஒன்று எழுதி முடித்துவிட்டுத் தொட்டியைப் பார்த்தால், முழுவதும் நம் அரைகுறை வாக்கியங்கள்.

தோற்றம் பற்றிச் சண்டை போட எனக்குத் தெம்பில்லை. 2023 ஜூலையில் 115ஆம் பதிப்பு வந்தபோது முகத்தையே மாற்றினார்கள். கடிதங்கள் அட்டை அட்டையாக நிற்கும் தோற்றம் சிலருக்கு அழகு. அட்டவணையும் தலைப்பு வரிசையும் இல்லாவிட்டால் எனக்கு இது எதற்கு? நல்லவேளை, பழையபடி அட்டவணைக்குத் திரும்பும் வழியை விட்டுவைத்திருக்கிறார்கள்.

கூட்டிக் கழித்தால் எனக்கு லாபம்தான். விளம்பரம் இல்லை, கட்டணம் இல்லை, நன்கொடையில் ஓடுகிறது, என் கடிதங்கள் என் வட்டில் இருக்கின்றன. ஆனாலும் சிவகாசி நண்பருக்கு எழுதிய பதிலில், தண்டர்பேர்டு உங்களுக்கு வேண்டாம் என்றுதான் எழுதினேன். அவர் தினமும் பார்ப்பது பத்துக் கடிதம், அதிலும் பாதி ஃபோனில். ஆல் மெயிலையும் லேபிளையும் அவருக்கு விளக்கி, டெலீட்டுக்கும் இழுத்துப் போடுவதற்கும் வித்தியாசம் சொல்லி, வட்டைக் காப்பி எடுக்கப் பழக்குவதற்குள் இருவருக்குமே தலை நரைத்துவிடும். பேத்தியின் வீடியோக்களை ஒரு ஹார்டு டிஸ்க்குக்கு மாற்றினால் அவர் பிரச்சினை தீர்ந்தது.

எனக்கும் இதைவிட நல்லது ஒன்று வந்தால் மாறிவிடுவேன் என்று எழுதத்தான் நினைத்தேன். அளவுப்படி அடுக்கும் அந்தத் தலைப்பு இல்லாத எதற்கும் மாற மாட்டேன். ஆல் மெயில் இருக்கும்வரை யாருக்கும் பரிந்துரைக்கவும் மாட்டேன்.